வட்டி, மழை, கார்பன்: கரையோரக் கூட்டத்தில் புரியும்படி பேச ஒரு வழிகாட்டி

எஸ்.பி.பட்டினத்திலிருந்து ரோச்மாநகர் வரை நீளும் ராமநாதபுரம் கரையில் மகளிர் குழுவுக்குக் கடன் விவரம் சொல்லவோ, பயிர்க் காப்பீட்டைப் பற்றிப் பேசவோ, கடல் ஏன் சூடாகிறது என்று விளக்கவோ முதல்முறை போகிறவர்களுக்கான குறிப்பு இது. உங்கள் கையில் பெரும்பாலும் ஓர் ஆங்கிலச் சுற்றறிக்கை இருக்கும். அதை அப்படியே தமிழாக்கி வாசித்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கூட்டம் கலைந்ததும் "என்னமோ பணம் வருமாம்" என்பது மட்டும் ஊரில் மிஞ்சும். அதை நம்பி ஒருவர் படகையோ நகையையோ அடகு வைத்துவிட்டால் அந்தப் பொறுப்பில் பேசியவருக்கும் பங்கு உண்டு.

கேட்பவரிடம் ஏற்கெனவே ஓர் அளவு இருக்கிறது. வட்டிக்கு நூற்றுக்கு இத்தனை, மழைக்கு உழவு, உயரத்துக்குச் சாண், புயலுக்குத் துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டின் எண். உங்கள் தாளில் இருக்கும் எண்ணை அந்த அளவுக்கு மாற்றிக்கொண்டு போவதுதான் இந்த வேலையில் பாதி.

போவதற்கு முன் தாளைப் பிரிப்பது

சுற்றறிக்கையை ஒரு முறை முழுக்கப் படியுங்கள். பிறகு அதை மூடி வைத்துவிட்டு, வெள்ளைத்தாளில் ஆறு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். யார் யாருக்குக் கொடுக்கிறார்கள்? எவ்வளவு? எந்த மாதம்? எது நடந்தால் பணம் வரும்? அது நடக்காவிட்டால் என்ன ஆகும்? தவறாகப் போனால் யாரிடம் சொல்வது?

நான்காவதும் ஐந்தாவதும்தான் வழக்கமாக நழுவும். திட்டத்தின் பெயரும் தொகையும் முதல் பக்கத்திலேயே பெரிதாக இருக்கும். நிபந்தனையோ பின்பக்கத்து இணைப்பில் சிறிய எழுத்தில் கிடக்கும். ஆறில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் கூட்டத்தைத் தள்ளிப்போடுங்கள், அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு போங்கள். "அதெல்லாம் பிறகு சொல்வாங்க" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த தடவை நீங்கள் சொல்வதை யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

கூட்டத்தில் போடப்போகும் ஒவ்வொரு கணக்கையும் முந்தைய நாளே கைப்பேசி இல்லாமல் ஒரு முறை போட்டுப் பாருங்கள். உங்களுக்குக் கையால் வராத கணக்கு கேட்பவருக்கும் வராது. எண்ணைச் சிறிதாக்குங்கள்: 1,37,500 வேண்டாம், 10,000 போதும்.

தமிழிலேயே இருக்கும் பொறிகள்

ஆங்கிலச் சொல்தான் சிக்கல் என்று நினைத்துப் புதியவர்கள் எல்லாவற்றுக்கும் தமிழ்ச்சொல் தேடுவார்கள். இந்தக் கரையில் அதிகக் குழப்பம் செய்வது தமிழ்ச்சொற்களே.

"வட்டித் தள்ளுபடி" என்று சொன்னால் "தள்ளுபடி" மட்டும் காதில் விழும், கடனே தள்ளுபடி என்று ஊர் முழுக்கப் பரவிவிடும். "வட்டியில் இவ்வளவு குறையும், அசல் முழுசாகக் கட்டணும்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். "மானியத்துடன் கூடிய கடன்" என்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது. எது திருப்பிக் கட்ட வேண்டாத பணம், எது கட்ட வேண்டிய பணம் என்று இரண்டு குவியலாகப் பிரித்துக் காட்டுங்கள்.

"காப்பீட்டுத் தொகை" இன்னும் மோசம். ஒருவர் அதைத் தான் கட்டும் பணம் என்று நினைப்பார், இன்னொருவர் தனக்கு வரப்போகும் பணம் என்பார். இந்தச் சொல்லையே தவிர்த்து "நாம கட்டுற பிரீமியம்", "அதிகபட்சம் இவ்வளவு வரை வரும்" என்று பேசுங்கள். நிவாரணமும் இழப்பீடும் வேறு வேறு என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டும். நிவாரணம் அரசு கொடுப்பது, பிரீமியம் கட்டாதவருக்கும் வரலாம். இழப்பீடு இன்சூரன்ஸ் கட்டியவருக்கு, நிபந்தனை பொருந்தினால் மட்டும்.

"பசுமை இல்ல வாயு" என்று பாடநூல் சொல்கிறது. இங்கே பலருக்கு அது 2011இல் வந்த, கூரையில் சோலார் விளக்கு வைத்த பசுமை வீடு திட்டத்தை ஞாபகப்படுத்தும். அந்த வீட்டுக்கும் இந்த வாயுவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் எழுந்து கேட்கவும் மாட்டார்கள். "போர்வை" என்ற சொல் போதும், கீழே வருகிறேன். இன்சூரன்ஸ், பேங்க், கார்பன், டீசல் எல்லாம் எல்லோரும் புழங்கும் சொற்கள், அவற்றை அப்படியே விடுங்கள்.

வட்டி: எல்லாவற்றையும் ஒரே அளவில் நிறுத்துவது

இந்த ஒரு பகுதியை நன்றாகச் செய்தாலே கூட்டம் வீண்போகாது.

வங்கி ஆண்டுக்குச் சதவீதம் சொல்கிறது. ஊர் மாதத்துக்கு நூற்றுக்கு எத்தனை ரூபாய் என்று சொல்கிறது. "மூணு வட்டி" என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். ஆகவே வங்கிச் சதவீதத்தை 12ஆல் வகுத்து ஊர்க்கணக்கில் சொல்லுங்கள். 12 சதவீதம் ஒரு வட்டி. 24 சதவீதம் ரெண்டு வட்டி. 9 சதவீதம் முக்கால் வட்டி. மீனவர்களுக்கும் நீட்டிக்கப்பட்ட கிசான் கிரெடிட் கார்டில், வரம்புக்கு உட்பட்ட கடனுக்கு வட்டி 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் குறைந்து 4 சதவீதம் ஆகும். "நூத்துக்கு மாசம் முப்பத்துமூணு காசு" என்று சொன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். தவணை தவறினால் அந்த 3 சதவீதச் சலுகை போய்விடும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, அசல் குறையும்போது வட்டி குறைகிறதா என்பது. 12,000 ரூபாய் கடன், 12 மாதம், "ஒரு வட்டிதான்" என்று ஒருவர் கொடுக்கிறார். மாதம் 1,000 அசல், 120 வட்டி, ஆக 1,120. கேட்க நியாயமாகத் தெரியும். தரையில் 12 குவியல் போட்டுக் காட்டுங்கள். முதல் மாதம் கையில் 12,000 இருக்கிறது. இரண்டாம் மாதம் 11,000. கடைசி மாதம் 1,000தான். அந்த 1,000 ரூபாய்க்கும் 120 வட்டி கட்டுகிறோம். மாதாமாதம் கையில் இருந்த அசலை எல்லாம் கூட்டினால் 78,000. உண்மையிலேயே ஒரு வட்டி என்றால் மொத்த வட்டி 780 ரூபாய். வாங்கியதோ 1,440. சொன்னது ஒரு வட்டி, நடந்தது ஒன்றே முக்கால் வட்டிக்கும் மேல்.

தண்டலுக்குப் புளியங்கொட்டை எடுத்துப் போங்கள். 10,000 ரூபாய் தண்டல் என்று பேசி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்குவது பரவலான முறை. ஒரு கொட்டை 100 ரூபாய். ஓர் அக்காவின் கையில் 85 கொட்டை கொடுத்து, ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாகத் திருப்பி வாங்குங்கள். முதலில் கை நிறைய இருக்கும், போகப்போகக் குறையும். நூறு நாளுக்கும் சராசரியாகப் பார்த்தால் கையில் இருந்தது பாதிதான், 4,250 ரூபாய். அதற்குக் கட்டிய கூலி 1,500. நூற்றுக்கு 35 ரூபாய், மூன்றேகால் மாதத்துக்குச் சற்றுக் கூட. மாதக் கணக்கில் அது ஏறக்குறைய பத்து வட்டி. பதினைந்து சதவீதம் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள் அந்தக் கொட்டைகளைத் தாங்களே இன்னொரு முறை எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணட்டும், அவசரப்படுத்தாதீர்கள். 2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் தண்டலும் மீட்டர் வட்டியும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன என்ற தகவலை இந்த இடத்தில் வைக்கலாம்.

ஆனால் "தண்டல் வாங்காதீர்கள்" என்று உபதேசம் செய்ய வேண்டாம். வீட்டு வாசலுக்கே வந்து, தாள் கேட்காமல், அன்றே கொடுக்கிறவர் அவர் ஒருவர்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் 33 காசு வட்டி எந்தக் கதவையும் திறக்காது. கணக்கைக் காட்டுங்கள், முடிவை அவர்களிடம் விடுங்கள். குழுச் சேமிப்பில் ஓர் அவசரப் பங்கு தனியாக வைக்கலாமா என்ற பேச்சு பெரும்பாலும் அவர்களிடமிருந்தே எழும்.

வியாபாரி தரும் முன்பணத்தில் வட்டி என்ற சொல்லே இருக்காது. விலை கண்ணில் படாமல் மீனில் ஒளிந்திருக்கும். 50,000 முன்பணம், மீனை அவருக்கே போட வேண்டும், வெளிச்சந்தையைவிடக் கிலோவுக்கு 20 ரூபாய் குறைவு, நாளுக்கு 15 கிலோ, மாதம் 20 நாள் தொழில் என்று வைத்துக்கொண்டால் மாதம் 6,000 ரூபாய் போகிறது. நூற்றுக்கு 12. அசலோ ஒரு ரூபாயும் குறையவில்லை. பாடு (மீன் வரவு) இல்லாத மாதத்தில் கைகொடுப்பவரும் அதே வியாபாரிதான் என்பதையும் கணக்கின் மறுபக்கத்தில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அவர்களே சொல்வார்கள், உங்கள் பேச்சு ஒருபக்கம் சாய்ந்தது என்றும் முடிவு கட்டுவார்கள்.

வங்கியோ நிதி நிறுவனமோ, 2024 அக்டோபர் 1 முதல் புதிதாகக் கொடுக்கும் சில்லறைக் கடன்களுக்கும் சிறுதொழில் தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். அதில் இல்லாத கட்டணத்தை வாங்குபவர் சம்மதிக்காமல் பின்னால் பிடிக்கக் கூடாது. "தமிழ்ல அந்தத் தாளைக் கொடுங்க" என்ற ஒரு வாக்கியத்தைக் கூட்டத்தில் எல்லோரையும் வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். கொடுக்காவிட்டால் முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் புகார், 30 நாளில் சரியான பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர். உதவி எண் 14448.

தவணை மாதத்தையும் பாருங்கள். தினசரி நாள்காட்டியில் காற்றைக் குறித்தால் இது சட்டென்று தெரியும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் (பாக் நீரிணை) கொந்தளிக்கும், கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா). ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. பெப்சி பாசி என்று இங்கே சொல்லப்படும் கப்பாபைகஸ் பாசியை 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் கட்டினால் அறுவடைக்கு 45 நாள். அதற்கு மாதத்தவணை பொருந்தாது. கடல் சூடேறினால் பாசி வெளுத்து உதிரும் நோய் வேறு வரும், அந்தச் சுற்றுக்கு வருமானம் இருக்காது. வருமானம் வரும் மாதத்தைப் பச்சையிலும் தவணை மாதத்தைச் சிவப்பிலும் குறிக்கச் சொல்லுங்கள். பச்சை இல்லாத இடத்தில் சிவப்பு விழுந்தால் கையெழுத்துக்கு முன்பே தேதியை மாற்றக் கேட்கலாம். கையெழுத்துக்குப் பிறகு கேட்பது கடினம்.

பயிர்க் காப்பீடு: ஊர் மகசூல்தான் கணக்கு

பிரதமர் பயிர்க் காப்பீட்டில் விவசாயி கட்டுவது ராபிப் பருவ உணவுப் பயிருக்கு 1.5 சதவீதம், காரிஃப் பருவத்துக்கு 2, மிளகாய் போன்ற ஆண்டுத் தோட்டப் பயிருக்கு 5. இதை எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். கோபம் கிளம்புவது வேறு இடத்தில்: "எங்க வயல் மொத்தமும் காஞ்சு போச்சு, ஒத்தப் பைசா வரல."

காரணத்தை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். மகசூல் இழப்பை ஒவ்வொரு வயலாகப் பார்ப்பதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதற்கும் பார்க்கிறார்கள், அது வருவாய்க் கிராமமாகவோ, பல கிராமங்கள் சேர்ந்த பிர்க்காவாகவோ இருக்கும். சில வயல்களில் அறுத்து எடை போட்டு, அந்தப் பகுதிக்கு ஒரே சராசரி எடுக்கிறார்கள். கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்தின் சராசரியை வைத்து ஒரு வாசல் அளவு முன்பே போடப்பட்டிருக்கும். இந்த ஆண்டுச் சராசரி அதற்குக் கீழே போனால் எத்தனை பங்கு குறைந்ததோ அத்தனை பங்கு பணம்.

எண்ணோடு சொல்லுங்கள். ஏக்கருக்கு அதிகபட்சம் 30,000 என்று வைத்தால் ராபிக்குப் பிரீமியம் 450. வாசல் அளவு 400 கிலோ, ஊர்ச் சராசரி 300 கிலோ. கால்பங்கு குறைவு. வருவது 7,500. உங்கள் வயலில் ஒரு மணியும் விளையாமல் போனாலும் அதே 7,500, உங்கள் வயல் நன்றாக விளைந்திருந்தாலும் அதே 7,500. ஊர்ச் சராசரி 410 கிலோ என்றால் யாருக்கும் இல்லை. இந்த மூன்று நிலையையும் மூன்று பேரை எழுந்து நிற்க வைத்து ஒவ்வொருவருக்கும் ஒன்றாகச் சொல்லுங்கள், மறக்க மாட்டார்கள்.

சில இடர்களுக்குத் தனி வயல் சேதமும் பார்க்கப்படும். அதற்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், உதவி எண் 14447. எந்த இடர், எந்தப் பயிர் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். அந்தப் பருவத்து அறிவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மட்டும் இதைப் பேசுங்கள்.

சேதத்தைப் பார்க்காமல் மழைமானியையோ காற்றுமானியையோ மட்டும் பார்த்துப் பணம் தரும் காப்பீடும் உண்டு. பணம் சீக்கிரம் வரும் என்பது அதன் பலம். மானி இருக்கும் இடத்தில் அடித்ததுதான் கணக்கு என்பது பலவீனம். 90 கிலோமீட்டர் காற்றுக்குப் பணம் என்ற ஒப்பந்தத்தில் மானி 88 காட்டினால், படகு உடைந்திருந்தாலும் ஒன்றும் வராது. அந்த மானி எந்த ஊரில் இருக்கிறது என்பதைக் கேட்காமல் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதீர்கள்.

மழைச் செய்தியும் கூண்டும்

"ஓரிரு இடங்களில் கனமழை" என்று வரும். நம் ஊரில் பெய்யாவிட்டால் "பொய் சொல்றாங்க" என்பார்கள். வானிலைத் துறையின் கணக்கில் ஓரிரு இடங்கள் என்றால் அந்தப் பகுதி மழைமானிகளில் நூற்றுக்கு 25 வரை. ஒருசில இடங்கள் 26 முதல் 50 வரை, அநேக இடங்கள் 51 முதல் 75 வரை, பெரும்பாலான இடங்கள் அதற்கு மேல். நாலு ஊரில் ஓர் ஊருக்குத்தான் பெய்யும் என்பதே அந்தச் செய்தி, மற்ற மூன்று ஊரில் பெய்யாதது பொய்யாகாது.

கனமழை என்பது 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல். 115.6க்கு மேல் மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதிகனமழை. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். ஏக்கருக்கு 4,000 லிட்டருக்குச் சற்றுக் கூட. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழையே 80 செ.மீ.யை ஒட்டித்தான். அரை வருடத்து மழை ஒரே நாளில் என்று சொன்னால் எண் தானாகப் புரியும்.

காற்றில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் வலு நான்கு மடங்கு. 40க்கும் 80க்கும் இடையே நங்கூரக் கயிறு தாங்க வேண்டியது நான்கு மடங்கு என்பதை மீனவரிடம் சொன்னால் அவரே மீதியைச் சொல்லுவார்.

பாம்பனில் ஏற்றும் கூண்டைப் பற்றி ஊரில் இருக்கும் நம்பிக்கை, எண் கூடக்கூட ஆபத்து கூடும் என்பது. பொதுவாகச் சரி, முழுக்கச் சரியில்லை. 5, 6, 7 மூன்றும் ஒரே தர அபாயம். புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கம் கடக்கும், அல்லது மேலேயே கடக்குமா என்பதுதான் அவற்றுக்கிடையே வேறுபாடு. 8, 9, 10 அப்படியே பெரும் அபாயத்துக்கு. 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. 6 இறங்கி 5 ஏறினால் "குறைஞ்சிருச்சு" என்று கடலுக்குப் போகிறவர் இருக்கலாம். இதை ஒரு முறையாவது விளக்கிவிடுங்கள்.

காலநிலை: எது உறுதி, எது இல்லை

வானிலைக்கும் காலநிலைக்கும் வேறுபாடு கேட்டால்: இன்றைய பாடு வானிலை, முப்பது வருடப் பாட்டுக் கணக்கு காலநிலை. ஒருநாள் வலை வெறுமையாக வந்தது கடல் செத்ததற்குச் சாட்சி ஆகாது. முப்பது வருடக் கணக்கு இறங்கினால் ஏதோ நடக்கிறது. உலக அளவிலும் முப்பது ஆண்டுச் சராசரியைத்தான் அளவாக வைத்திருக்கிறார்கள்.

காரணத்துக்குப் போர்வை. நிலக்கரி, டீசல், எரிவாயு எரிக்கும்போது வரும் கார்பன் டை ஆக்சைடு பூமிக்கு மேல் ஒரு போர்வை போல இருந்து சூட்டை வெளியே விடாமல் பிடிக்கிறது. போர்வை தடிக்கத் தடிக்கச் சூடு கூடுகிறது. பள்ளிக்கூடத்தில் கேட்ட "ஓசோன் ஓட்டை" ஞாபகத்தில் யாராவது கை தூக்குவார்கள். அது வேறு விஷயம், வேறு வாயு என்று அங்கேயே பிரித்து வையுங்கள்.

ஒரு டிகிரியில் என்ன ஆகப்போகிறது என்ற கேள்வி நியாயமானது. பதிலைப் பாரிலிருந்து, அதாவது கடலடிப் பாறையிலிருந்து, சொல்லுங்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி இருக்கும் பவளப்பாறை, கோடையின் வழக்கமான உச்சச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தாலே வெளுத்துவிடும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் இங்கே பெரிதாக வெளுத்தது. பார் செத்தால் அங்கே ஒண்டும் மீனுக்கு இடம் இல்லை.

கடல்மட்டத்துக்குச் சாண் கணக்கு. 1901 முதல் 2018 வரை உலகச் சராசரியாகக் கடல் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது, ஏறக்குறைய ஒரு சாண். 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வேகம். அதே வேகத்தில் போனால் இருபது வருடத்தில் நாலு விரற்கடை. "இவ்வளவுதானா?" என்பார்கள். அப்போது கரைக்குக் கூட்டிப் போங்கள். கொத்தனாரிடம் இருக்கும் தண்ணீர் டியூப்பையும் இரண்டு குச்சியையும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மீட்டர் தள்ளித் தள்ளிக் குச்சி நட்டு, டியூப்பில் நீர்மட்டம் பார்த்து, தரை எவ்வளவு உயர்கிறது என்று அளந்தால் போதும். பத்து மீட்டருக்கு 20 செ.மீ. ஏற்றம் என்றால், ஒரு சாண் உயர்வு பத்து மீட்டர் உள்ளே வந்ததற்குச் சமம். டியூப்பில் காற்றுக்குமிழி இருந்தால் அளவு தப்பும், முதலில் அதை வெளியேற்றுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாவற்றையும் காலநிலையின் தலையில் கட்டாதீர்கள். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போனதற்குப் பல ஆண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்ததே பெரிய காரணமாகச் சொல்லப்படுகிறது. 2001இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்த பிறகுதான் அதற்குத் தடை இறுகியது. கல் ஏற்றிய வண்டியைப் பார்த்த பெரியவர்கள் கூட்டத்திலேயே இருப்பார்கள். அவர்கள் முன்னால் பாதி உண்மை நிற்காது.

"அறுபத்துநாலுலயே இதைவிடப் பெரிசு வந்துச்சே தம்பி" என்று ஒரு தாத்தா நிச்சயம் சொல்வார். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை மறுத்துப் பேச எதுவும் இல்லை. இப்படிப் பதில் சொல்லலாம்: "ஆமா தாத்தா, புயல் எப்பவும் வந்திருக்கு. வருஷத்துக்கு எத்தனை புயல்னு கூடும்னு யாரும் உறுதியாச் சொல்லல. ஆனா சூடான கடல் புயலுக்குத் தீனி. வர்ற புயல்ல பலமானது கூடும், கூடவே மழையும் கூடும்னு உறுதியாச் சொல்றாங்க. காத்து ஒரு டிகிரி சூடானா நூறு குடம் பிடிச்ச மேகம் நூத்தியேழு குடம் பிடிக்கும்." உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்பவரைத்தான் பெரியவர்கள் அடுத்த முறை திண்ணையில் உட்கார வைப்பார்கள்.

"நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்ற தொடரைக் கேட்டதும், போன வருடம் வந்துவிட்டது, இனி நம் காலத்தில் இல்லை என்று நினைப்பது இயல்பு. ஒரு பானையில் நூறு சோழி போடுங்கள், ஒன்றுக்கு மட்டும் சிவப்பு நூல். வருடத்துக்கு ஒரு முறை கையை விட்டு ஒன்றை எடுத்து, பார்த்துவிட்டு, அதே பானையில் திருப்பிப் போட வேண்டும். இந்த வருடம் சிவப்பு வந்தாலும் அடுத்த வருடம் பானையில் சிவப்பு இருக்கிறது. முப்பது வருடத்தில் ஒரு தடவையாவது சிவப்பு கையில் வர நாலில் ஒன்றுக்குச் சற்று மேல். வீட்டுக் கடனைக் கட்டி முடிக்கும் காலம் அது. இப்போது போர்வை தடிப்பதால் பானையில் சிவப்பு நூல் கட்டிய சோழி கூடிக்கொண்டிருக்கிறது என்று ஒன்றைக் கூடுதலாகப் போட்டுக் காட்டலாம்.

கார்பன் பணம்

காரங்காடு போன்ற அலையாத்திக் காட்டுப் பகுதிகளில் "கார்பன் கிரெடிட் வருமா" என்ற கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு. ஒரு லிட்டர் டீசல் எரித்தால் சுமார் 2.7 கிலோ வரும், ஆக ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 370 லிட்டர் டீசல். விசைப்படகு ஓட்டுபவரிடம் எத்தனை தங்கலுக்கு (கடலில் தங்கி மீன்பிடிக்கும் பயணத்துக்கு) 370 லிட்டர் என்று கேளுங்கள், அவரே சொல்லுவார். லிட்டருக்கு ஒரு கிலோகூட எடையில்லாத டீசலிலிருந்து 2.7 கிலோ எப்படி என்று படித்த பிள்ளை ஒருவர் கேட்பார்: எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜன் சேர்வதால். 12 கிலோ கார்பன் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. இதனால்தான் ஒரு தாளில் "டன் கார்பன்", இன்னொன்றில் "டன் கார்பன் டை ஆக்சைடு" என்று இருந்தால் இரண்டும் ஒன்றல்ல. மூன்றரை மடங்குக்கும் மேல் வித்தியாசம் வரும்.

பணத்தைப் பற்றி வாய் திறக்கும் முன் கேட்க வேண்டியவை: நிலம் யாருடையது? அலையாத்தியின் பெரும்பகுதி வனத்துறையிடம் இருக்கிறது, அப்படியானால் விற்கும் உரிமை ஊருக்கு உண்டா? இந்த மரம் எப்படியும் வளர்ந்திருக்குமா, இந்தப் பணத்தால்தான் வளர்கிறதா? புயலில் சாய்ந்தால் வாங்கிய பணத்துக்கு யார் பொறுப்பு? இங்கே வெட்டாமல் பக்கத்துக் காட்டில் வெட்டினால் கணக்கு என்ன ஆகும்? எத்தனை வருட ஒப்பந்தம், அதுவரை நண்டு பிடிக்கப் போகலாமா? கடைசிக் கேள்விதான் அந்த ஊருக்கு முதல் கேள்வி. எழுத்தில் பதில் வராதவரை ரூபாய் எண் எதையும் உச்சரிக்காதீர்கள்.

கூட்டமும் அதன் பிறகும்

விசைப்படகும் நாட்டுப்படகும் மாறி மாறித் தொழிலுக்குப் போகும் கரையில், கூட்ட நாளைக் கேட்காமல் வைத்தால் பாதி பேர் கடலில் இருப்பார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெள்ளி மதியம், கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிறு காலை வேண்டாம். ஏலம் முடிந்து அரை மணி கழித்து நல்ல நேரம். நாற்பது நிமிடத்துக்கு ஒரே ஒரு பொருள். வட்டியையும் கார்பனையும் ஒரே நாளில் கலக்க வேண்டாம்.

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், "புரிஞ்சுது" என்பதைத் தவிர வேறு பதில் வராது. "அக்கா, வீட்டுக்குப் போனதும் அண்ணன் கேட்டா என்ன சொல்வீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதில் எங்கே நழுவுகிறதோ அங்கே உங்கள் விளக்கம் நழுவியிருக்கிறது. அவரைத் திருத்தாமல் உங்கள் பேச்சைத் திருத்தி இன்னொரு முறை சொல்லுங்கள். மூன்று பேர் சரியாகத் திருப்பிச் சொன்னால் கூட்டத்தை முடிக்கலாம். பாம்பனில் கடல் ஓசை 90.4 என்ற மீனவர் சமூக வானொலி இருக்கிறது. வானொலியில் பேச வாய்த்தால் அங்கே கொட்டையும் சோழியும் காட்ட முடியாது. ஆகவே எண் ஒன்றுக்கு மேல் சொல்லாமல், அதையே மூன்று முறை சொல்லுங்கள்.

விட்டுவரும் தாள் ஒரு பக்கம்தான், எழுத்து பெரிதாக. மேலே தேதி. நடுவில் அந்த ஆறு கேள்விக்கும் பதில். அடியில் உதவி எண்ணும், "இது யாருக்குப் பொருந்தாது" என்ற ஒரு வரியும். வட்டி விகிதமோ அறிவிக்கையோ மாறினால் பழைய தாளை ஒட்டிய இடத்துக்கே போய்க் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். வலைக்கூடத்துச் சுவரில் மூன்று வருடத்துப் பழைய தாள் இன்னும் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.